சீனி மாப்பிள்ளை

எம்மன்புரூக்கே
8.1.1989

அன்புத் தங்கை கௌரிக்கு,

மதியக்கா எழுதுவது. நானும் அத்தானும் குளிரைத் தவிர வேறு குறையில்லாமல் இருக்கிறோம். அப்பாவின் முழங்கால் எப்படி? அம்மா மருந்தை ஒழுங்காகக் குடிக்கிறாவா, அல்லது வழக்கம்போல் ஒளித்து வைத்துவிட்டுக் குடித்தேன் என்கிறாவா?

நீ கொடுத்துவிட்ட பிஸ்கட் பேணியை ஊருக்கு வந்துபோன திரேசா பத்திரமாகக் கொண்டுவந்து தந்தாள். அடியில் அரிசி பரப்பிப் பஞ்சு வைத்து நீ அனுப்பிய மூன்று சோடி மாப்பிள்ளை பொம்பிளையும் ஒரு விரல்கூட உடையாமல் வந்து சேர்ந்தார்கள். விமான நிலையத்தில் ஒருவன் பேணியைத் திறந்து ஒரு மாப்பிள்ளையின் காலை நக்கிப் பார்த்தானாம், போதைப்பொருளோ என்று. வெறும் சீனி என்று தெரிந்ததும் மன்னிப்புக் கேட்டு மூடித் தந்தானாம். திரேசா சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள்.

நாம் இருவரும் ஒரே ஐசிங் வகுப்புக்குத்தான் போனோம். எனக்குக் கேக் அடிக்கவும் கரை பிழியவும் வந்தது. உருவம் பிடிக்கும் கை உனக்கு மட்டும்தான் வாய்த்தது. இங்கே சுவிஸில் பகலில் லுசேர்னில் ஒரு பேக்கரியில் தட்டுக் கழுவுகிற நான், சனி ஞாயிறில் எங்கள் சனத்துக்குக் ‘கேக் அக்கா’. கல்யாணம், சாமத்தியச் சடங்கு, மார்கழி நத்தார் எல்லாவற்றுக்கும் வருகிறார்கள். கேக்கின் உச்சியில் நிற்கிற உன் சோடியைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த ஆள் என்னிடம் வருகிறது. அதை மறுத்தால் என் வாய் அழுகிவிடும்.

முந்தாநாள் பேக்கரியில் மூன்று ராசாக்களின் கேக். ஒவ்வொரு கேக்குக்குள்ளும் ஒரு குட்டி ராசாவை ஒளித்து வைத்துச் சுடுவார்கள். யாருடைய துண்டில் ராசா வருகிறாரோ அவருக்கு அன்று முழுவதும் மட்டைக் கிரீடம். இந்த வருடம் எனக்கு வந்தது. கிரீடத்தோடு நின்று தட்டுக் கழுவினேன்.

இனி, ஏசுகிறேன் என்று நினைக்காதே. மூன்று மாப்பிள்ளைக்கும் ஏன் ஒரே முகம்? மற்றவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அந்த மூக்கும் நாடிக்குழியும் உருத்திரமூர்த்தியுடையவை. தாலிக்குப் பொன்னுருக்கு முடிந்து, கல்யாணத்துக்கு நான்கு நாள் இருக்க, வெளிக்கிட்டுப் போன மனுசன். கொக்குவில் ஸ்டேஷன் வேலியில் அவனுடைய சைக்கிள் மட்டும் கிடைத்து வருகிற ஆனியோடு ஐந்து வருடம். ஆமி பிடித்தது என்றார்கள், சுட்டது என்றார்கள். எதுவென்றாலும் போனவன் போனவன்தான் கௌரி. யோகராஜா மாஸ்டர் பகுதியில் இருந்து மறுபடி கேட்டு வந்திருப்பதாக அப்பா எழுதியிருக்கிறார். நல்ல மனிதர். நீ ஓம் என்று சொன்னால் உன் கேக்கை நான் இங்கிருந்தே மனதால் சுடுவேன்.

எல்லோரையும் கேட்டதாகச் சொல்லு.
அன்பு அக்கா,
சந்திரமதி


கொக்குவில்
5.2.1989

அன்பின் மதியக்காவுக்கு,

நாங்கள் நலம். நீங்களும் அத்தானும் நலமாக இருக்கவேண்டும். அப்பாவின் முழங்கால் மழைக்கு நோகிறது, வெயிலுக்குச் சுகமாகிறது. அம்மாவின் மருந்துக் குளிசைகள் அரிசிப் பானைக்குள் இருந்தன. எடுத்துக் கொடுத்தேன்.

அக்கா, முகத்தை நான் வைப்பதில்லை. அது வருகிறது.

நீங்கள் நம்பமாட்டீர்கள் என்பதால் சோதித்தும் பார்த்தேன். தபால்காரர் தம்பித்துரையைத் தெரியும்தானே, பெரிய காது, தட்டை மூக்கு. அவரை வாசலில் நிறுத்தி வைத்துக் கதை கொடுத்துக்கொண்டே அவர் முகத்தைச் சீனிப் பேஸ்டில் பிடித்தேன். “என்னையே பிள்ளை செய்யிறாய்?” என்று அவருக்கும் சந்தோசம். நிழலில் இரண்டு நாள் காயவிட்டு எடுத்துப் பார்த்தேன். காது சின்னதாகிவிட்டது. மூக்கு நிமிர்ந்துவிட்டது. தம்பித்துரை இல்லை, மறுபடியும் இவர்தான்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். 84இல் வந்த முகம் அல்ல இப்போது வருவது. நெற்றி மேலே ஏறியிருக்கிறது. கன்னம் கொஞ்சம் வைத்திருக்கிறது. செத்த ஆளுக்குச் சதை வைக்குமா அக்கா?

மாஸ்டரைப் பற்றி எழுதியிருந்தீர்கள். நான் அவரைக் குறை சொல்லவில்லை. ஆனால் உருக்கிய பொன் இன்னும் என் பெட்டியில்தான் இருக்கிறது. அன்று வழக்கப்படி மாப்பிள்ளை வீட்டார் அதைத் தட்டில் வைத்து எங்கள் வீட்டுக்குக் காட்டக் கொண்டு வந்தார்கள். ஊரடங்கு நேரம் வந்துவிட்டதால் திருப்பிக் கொண்டுபோகாமல் வைத்துவிட்டுப் போனார்கள். பிறகு நானே கொண்டுபோய்க் கொடுத்தபோது அவருடைய தாய் வாங்கவில்லை. “என்ரை பிள்ளை வந்து தன்ரை கையாலை வாங்கட்டும்” என்று சொல்லிப் படலையைச் சாத்தினா. புளியங்கொட்டை அளவுதான். அது என்னிடம் இருக்கும்வரை நான் யாருடைய பெண்சாதியும் அல்ல, கன்னியும் அல்ல. இன்னொருவர் எனக்காகப் பொன் உருக்குவது எப்படி?

நீங்கள் கிரீடத்தோடு நின்றதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். பல்லுத் தெரியச் சிரித்தா.

அன்புத் தங்கை,
ஜெயகௌரி


எம்மன்புரூக்கே
27.3.1989

அன்புள்ள கௌரி,

நாங்கள் நல்ல சுகம். உன் சுகத்தை அறிந்தால்தான் எனக்கு நித்திரை. இங்கே ஈஸ்டர். பேக்கரியில் இரண்டு கிழமையாக முயல்தான். சொக்கிலேட் முயல், மர்சிப்பான் முயல், பிஸ்கட் முயல். இனிமேல் ஒரு முயலைக் கண்டால் எறிந்து கொன்றுவிடுவேன்.

உன் இரண்டாவது பேணி கிடைத்தது. பொம்பிளைகளின் சேலைக்கரை அவ்வளவு நுணுக்கம். அத்தான் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். ஆனால் கௌரி, மாப்பிள்ளைகளின் இடது கன்னத்தில் ஏன் அப்படி ஒரு கீறல்? கண்ணின் கீழிருந்து வாய்க்கடை வரைக்கும். இரண்டு பேருக்கும் ஒரே இடத்தில். கத்தி பட்டுவிட்டதா?

போன சனிக்கிழமை இங்கே ஒரு கல்யாணம். பொம்பிளையின் தாய் அந்தக் கீறலைக் கண்டுவிட்டு, “அபசகுனமாக் கிடக்கு, மூடிவிடும் பிள்ளை” என்றா. முட்டை வெள்ளையும் சீனியும் குழைத்து நிரப்பி, விரலால் தடவி, கீறல் இருந்த இடமே தெரியாமல் செய்தேன். என் வேலையைப் பற்றி எனக்குத் தெரியும். நல்ல வேலை. மண்டபத்தில் கேக் வெட்டும் நேரம் பார்த்தால் அதே இடத்தில் கீறல். உள்ளே வைத்த ஐசிங் பொடியாகக் கொட்டிக் கிடந்தது. சூட்டுக்கு வெடித்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மிஞ்சிய இரண்டு பழைய சோடிகளைக் கண்ணாடி அலுமாரியில் வைத்திருந்தேன். அத்தான் பொம்பிளைகளை விட்டுவிட்டு மாப்பிள்ளைகளை மட்டும் துணியால் மூடிவிட்டார். ஏன் என்று கேட்டால், “சாப்பிடேக்கை ஆரோ பாக்கிற மாதிரிக் கிடக்கு” என்கிறார். அவரும் நீயும் ஒரே பைத்தியம்.

மாஸ்டருக்கு என்ன மறுமொழி? வைகாசிக்குள் அப்பா கேட்கிறார்.

என்றும் அன்புடன்,
அக்கா


கொக்குவில்
20.5.1989

அன்பின் மதியக்காவுக்கு,

எல்லோரும் சுகம். உங்கள் கடிதம் ஐம்பது நாள் எடுத்து நேற்றுத்தான் கைக்கு வந்தது. கொழும்பில் தேங்கிக் கிடந்ததாம். அத்தானின் நெஞ்சுச் சளி எப்படி? நீங்கள் எழுதவில்லை, ஆனால் பங்குனியில் அவருக்கு எப்போதும் வருவதுதானே.

கத்தி படவில்லை. மாசி மாதம் பத்தாம் தேதி வெள்ளிக்கிழமை நான் கையில் வைத்திருந்த மாப்பிள்ளையின் கன்னம் திறந்தது. ஐசிங் வெடித்தால் வெள்ளையாக வெடிக்கும். இது உள்ளே நிறத்தோடு, ஈரமாகத் திறந்தது. சிவப்பு நிறம் அன்றைக்கு வீட்டில் இருக்கவே இல்லை அக்கா. ரோசாப்பூவுக்கென்று வைத்திருந்ததை முதல் கிழமையே முடித்துவிட்டேன். அதற்குப் பிறகு செய்தவை எல்லாவற்றிலும் காயம் கொஞ்சம் கொஞ்சமாக ஆறியது. உங்களிடம் வந்த இரண்டும் பங்குனியில் செய்தவை. இப்போது செய்கிறவற்றில் வெறும் தழும்புதான்.

எனக்குப் பயமாக இல்லை. ஆறுகிறது என்றால் ஆள் இருக்கிறார்.

பயம் வந்தது வேறொன்றில்தான். போன கிழமை செய்த பொம்பிளைக்கு முகம் வந்திருக்கிறது. பொம்பிளைகளுக்கு எப்போதும் நான் நினைத்த முகம்தான் வைப்பேன். இவளை எனக்குத் தெரியாது. வட்ட முகம், சின்னச் சொண்டு, மூக்கில் இரண்டு பள்ளம். அந்தப் பள்ளத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு விளங்கியது. மெல்லிய கம்பி எடுத்து வளைத்துக் கண்ணாடி செய்து போட்டேன். சரியாகப் பொருந்தியது. கண்ணாடி போட்ட மணப்பெண்ணை இதுவரை நான் செய்ததில்லை. நிறையப் படித்த பிள்ளையாக இருக்கவேண்டும்.

ஆர் வருகிறார்களோ அவர்களிடம் கொடுத்து அனுப்புகிறேன்.

அன்புத் தங்கை,
ஜெயகௌரி


எம்மன்புரூக்கே
28.5.1989

கௌரி,

இந்தக் கடிதத்தை நான் உனக்கு அனுப்பப் போவதில்லை. ஆனால் எழுதாமலும் இருக்கமுடியாது. அத்தானிடம்கூட இன்னும் சொல்லவில்லை.

நேற்று ஆராவ்விலிருந்து குணசேகரம் என்று ஒருவர் வந்தார். தங்கைக்குக் கல்யாணமாம், செப்ரெம்பர் பத்தாம் தேதி, மூன்று தட்டுக் கேக். “உங்கடை சோடிப் பொம்மையள் ஆளை மாதிரியே இருக்குமாம் அக்கா, எங்கடை மாப்பிள்ளை பொம்பிளை மாதிரிச் செய்து தாருங்கோ” என்று ஒரு படத்தை மேசையில் வைத்தார். மாப்பிள்ளையின் பெயர் நித்தியானந்தனாம். ஷ்லீரனில் தொழிற்சாலை வேலை, நல்ல பிள்ளை, தாய் தகப்பன் இல்லாத தனி ஆள் என்றார்.

படத்தில் இருந்தது உருத்திரமூர்த்தி.

நெற்றி ஏறியிருக்கிறது. கன்னம் வைத்திருக்கிறது. இடது கண்ணுக்குக் கீழிருந்து வாய்க்கடை வரை தழும்பு. “இது என்ன?” என்று கேட்டேன். “மாசி மாசம் மிசினிலை பெல்ட் அறுந்து அடிச்சது. கண் தப்பினது ஆண்டவன் செயல்” என்றார். பக்கத்தில் நிற்கிற பெண் பெயர் கலாவதி. வட்ட முகம். கண்ணாடி போட்டிருக்கிறாள்.

அவன் சாகவில்லை. ஆமி பிடிக்கவும் இல்லை. ஸ்டேஷனில் சைக்கிளைச் சாத்திவிட்டு ரயில் ஏறி, வேறு பெயரில் வந்து இங்கே எனக்கு ஒரு மணித்தியாலத் தூரத்தில் இருந்திருக்கிறான். நீ அங்கே ஐந்து வருடமாகப் பெட்டியைத் திறந்து திறந்து மூடுகிறாய். அவனுடைய தாய் படலையைச் சாத்திக்கொண்டு அழுகிறா. எனக்கு வந்த ஆத்திரத்துக்குக் கையிலிருந்த தேநீர்க் கோப்பையைக் குணசேகரத்தின் தலையில் ஊற்றாமல் விட்டது பெரிய காரியம். அந்த மனுசன் என்ன செய்வார் பாவம்.

கேக் செய்யமாட்டேன் என்றால் ஏன் என்று கேட்பார்கள். சொன்னால் அவனுடைய பெயர் பொய் என்பது பொலிஸ்வரை போகும், அவனைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அந்தப் பெண் என்ன பாவம் செய்தாள்? உனக்குச் சொன்னால் நீ உடைந்துபோவாய். சொல்லாவிட்டால் இன்னும் ஐந்து வருடம் காத்திருப்பாய். இரண்டு பக்கமும் நெருப்பு.

படத்தைக் கேக் அச்சுக்கு அடியில் வைத்திருக்கிறேன்.


எம்மன்புரூக்கே
29.5.1989

அன்புத் தங்கை கௌரிக்கு,

நாங்கள் சுகம். நீங்கள் எல்லோரும் சுகமாயிருக்க ஆண்டவன் துணை. இங்கே வெயில் தொடங்கிவிட்டது.

செப்ரெம்பர் பத்தாம் தேதிக்கு ஒரு கல்யாணக் கேக் வந்திருக்கிறது. ஒரு சோடி வேண்டும். சாதாரண முகம் போதும். இந்த முறை மாப்பிள்ளைக்குத் தழும்பு வேண்டாம்.

மாஸ்டருக்கு ஓம் என்று சொல்லு கௌரி. அக்கா கேட்டு எதையும் நீ மறுத்ததில்லை. ஏன் எதற்கு என்று கேட்காமல் சொல்லு.

அன்புடன்,
அக்கா


கொக்குவில்
9.7.1989

அன்பின் மதியக்காவுக்கு,

நாங்கள் சுகம். உங்கள் கடிதம் கிடைத்தது. நீங்கள் எழுதியதிலேயே சின்னக் கடிதம் அதுதான். அம்மாவின் சுகத்தைக்கூடக் கேட்கவில்லை. ஆகவே நான் அதைப் பல தரம் வாசித்தேன்.

தழும்பு வேண்டாம் என்று எழுதியிருந்தீர்கள். கீறல் என்றுதான் நீங்கள் முன்பு சொன்னீர்கள். அது தழும்பு என்று ஆறிய கதையை நான் எழுதிய கடிதம் உங்களுக்குக் கிடைக்க முன்னரே நீங்கள் தழும்பு என்று எழுதிவிட்டீர்கள். நான் ஒன்றும் கேட்கவில்லை அக்கா.

பக்கத்து வீட்டுப் பாலேந்திரன் வருகிற மாதம் ஜெனீவாவுக்கு வருகிறார். அவரிடம் பேணி கொடுத்திருக்கிறேன். கண்ணாடிப் பொம்பிளை இருக்கிறாள். மாப்பிள்ளைக்கு நீங்கள் கேட்டபடி தழும்பை மூடிவிட்டேன். மூன்று பூச்சு. ஆள் கொஞ்சம் பாரம். இரண்டு கையாலும் தூக்கி வையுங்கள்.

ஒரு சந்தேகம். அந்த மூன்று ராசாக்கள் கேக்கில் ராசா யாருக்கு வருகிறாரோ, அவர் வேண்டாம் என்று சொல்லலாமா?

மாஸ்டருக்கு மறுமொழி ஆவணி முடிந்ததும் சொல்வதாக அப்பாவிடம் சொல்லியிருக்கிறேன்.

அன்புத் தங்கை,
ஜெயகௌரி


எம்மன்புரூக்கே
20.8.1989

அன்புள்ள கௌரி,

எல்லோரும் சுகம்தானே? அம்மாவைக் கேட்டதாகச் சொல்லு, முதலில் அம்மாவைக் கேட்டதாகச் சொல்லு.

பேணி பத்திரமாக வந்தது. கண்ணாடிப் பொம்பிளை வடிவாக இருக்கிறாள். மாப்பிள்ளைக்கும் தழும்பு தெரியவில்லை. பாரமாகத்தான் இருக்கிறது. கூடச் சீனி போட்டிருப்பாய்.

ராசா வந்தால் வேண்டாம் என்று சொல்லமுடியாது. கிரீடம் வைத்தே ஆகவேண்டும்.

வேறு விசேசம் இல்லை.

அக்கா


எம்மன்புரூக்கே
11.9.1989

என் தங்கை கௌரிக்கு,

உன் சுகத்தைக் கேட்கும் தகுதி எனக்கு இருக்கிறதா தெரியவில்லை. இதோடு வைகாசி 28ஆம் தேதி எழுதி அனுப்பாத கடிதத்தையும் வைத்திருக்கிறேன். முதலில் அதை வாசி. பிறகு இதை வாசி.

நேற்று ஆராவ்வில் கல்யாணம். தாலி கட்டி முடிந்து கேக் வெட்டும்வரை நான் மண்டபத்துச் சமையலறையை விட்டு வெளியே வரவில்லை. அவன் என்னைக் காணக்கூடாது என்று நினைத்தேன். ஆனால் கேக்கை வெட்டக் கத்தி பிடிக்கவேண்டிய இடம் காட்டக் கேக் அக்காதானே வரவேண்டும். குணசேகரம் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். பக்கத்துத் தேவாலய மணி பன்னிரண்டு அடித்தது. மாப்பிள்ளை தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தான். உடனே குனிந்தான். என்னை அடையாளம் கண்டுவிட்டான்.

படக்காரர், “பொம்மை மறைக்குது, எடுத்துப்போட்டு வெட்டுங்கோ” என்றார். அவன்தான் மாப்பிள்ளைப் பொம்மையைத் தூக்கினான். தூக்கிய கையோடு நின்றான். கௌரி, நான் பக்கத்தில்தான் நின்றேன். நீ போட்ட மூன்று பூச்சும் அவன் கையிலேயே திறந்தது. கண்ணின் கீழே தொடங்கி வாய்க்கடை வரை, ஆரோ நகத்தால் கோடு இழுக்கிற மாதிரி மெல்ல மெல்ல. அவன் கன்னத்திலும் அதே இடம் துடித்ததைக் கண்டேன்.

பொம்மை மேசையில் விழுந்து நெஞ்சோடு பிளந்தது. உள்ளிருந்து உருக்கிய பொன் உருண்டு வந்து கத்தியில் முட்டி நின்றது.

பிறகு குணசேகரம்தான் கைதட்டிச் சிரித்தார். “கேக் அக்கா சுவிஸ்காரன்ரை வேலை காட்டியிருக்கிறா! ராசா மாப்பிள்ளைக்கு வந்திட்டார்!” மண்டபமே சிரித்தது. கேக்குத் துண்டு சுற்ற வைத்திருந்த தங்கக் கடதாசியில் ஆரோ கிரீடம் வெட்டி அவன் தலையில் வைத்தார்கள். கலாவதி பொன்னை எடுத்து, எவ்வளவு வடிவு என்று அவனுடைய உள்ளங்கையில் வைத்து மூடினாள். தன்ரை கையாலை வாங்கட்டும் என்று தாய் சொன்னா அல்லவா. வாங்கினான். அந்தக் கிரீடத்தோடு அவன் நின்ற கோலத்தைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பிறகு சமையலறைக்கு வந்தான்.

“மதியக்கா” என்றான். “நான் எழுதவேணும் எண்டுதான் இருந்தனான். அண்டைக்கு ஏஜென்சிக்காரன் வந்து, இண்டைக்கு வெளிக்கிட்டாத்தான், இல்லாட்டி இல்லை எண்டவன். வந்து சேர ஒரு வருசம். பிறகு எழுத வெக்கமாப் போச்சுது. வெக்கம் ஏறிக்கொண்டே போச்சுது.”

“தாய்க்கு எழுதவுமோ வெக்கம்?” என்று கேட்டேன். பொன்னோடு கையை நீட்டினான்.

“இதை அவவுக்குத் திருப்பிக் குடுங்கோ அக்கா.”

“உருக்கின பொன் மாப்பிள்ளை வீட்டுச் சாமான். அது வரவேண்டிய இடத்துக்கு வந்திட்டுது. என்னட்டைத் தராதையுங்கோ. உள்ளை போய்க் கலாவதிக்கு உண்மையைச் சொல்லுங்கோ. நீங்கள் சொல்லாட்டி நான் சொல்லுவன்.”

அவன் போனபிறகு நிலத்தில் இருந்து அழுதேன். உனக்கு மறைத்ததற்காகவும் அழுதேன், நீ எனக்கு முன்பே அறிந்ததற்காகவும் அழுதேன். என்னை ஏசி ஒரு வரி எழுது.

உன் அக்கா


கொக்குவில்
12.9.1989

அன்பின் மதியக்காவுக்கு,

நாங்கள் நல்ல சுகம். அம்மா மருந்தை ஒளிக்காமல் குடிக்கிறா.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் மூன்றரை மணிக்கு, உங்கள் நேரம் பன்னிரண்டாக இருக்கும், பேஸ்ட் பிசைந்துகொண்டிருந்தேன். கை திடீரென்று லேசாகிவிட்டது. ஐந்து வருடமாக நெஞ்சுக்குள் ஒரு பாரம் இருந்ததே, அது இருந்த இடத்தைத் தேடிப் பார்த்தேன். காணவில்லை. அழுகை வரும் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தேன். பசிதான் வந்தது. அம்மாவிடம் கேட்டு இரண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டேன்.

பிறகு ஒரு மாப்பிள்ளை செய்து பார்த்தேன். முகம் வரவில்லை. நேற்றும் வரவில்லை. மொட்டையாக நிற்கிறான்.

அப்பாவிடம் ஓம் என்று சொல்லிவிட்டேன்.

உங்கள் கண்ணாடி அலுமாரியில் இருக்கும் பழைய மாப்பிள்ளைகளின் துணியை எடுத்துப் பாருங்கள். எடுக்கும்போது பக்கத்தில் அத்தானை வைத்திருங்கள்.

அன்புத் தங்கை,
ஜெயகௌரி


எம்மன்புரூக்கே
15.10.1989

அன்புத் தங்கைக்கு,

நாங்கள் சுகம் என்றுதான் எழுதவேண்டும். உன் ஓம் கேட்டு அத்தான் எழும்பி நின்று கைதட்டினார். எனக்கும் அவ்வளவு சந்தோசம். அதை முதலில் எழுதிவிடுகிறேன், பிறகு மறந்துபோவேன்.

அத்தானைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் துணியை எடுத்தேன். இரண்டு மாப்பிள்ளைக்கும் முகம் இல்லை. உடையவில்லை, உதிரவில்லை, தட்டில் ஒரு பொட்டுச் சீனித்தூள் இல்லை. கண், மூக்கு, வாய் இருந்த இடம் உரித்த முட்டைபோல் வழுவழு என்று இருக்கிறது. வேட்டி மடிப்பு, சால்வைக் கரை எல்லாம் அப்படியே. அத்தான் மறுபடி மூடினார்.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். நேற்றுக் கலாவதி ரெலிபோன் எடுத்தாள். அவன் அவளிடம் எல்லாம் சொல்லிவிட்டானாம். தாய்க்கும் எழுதிவிட்டானாம். அவள் ஒரு கிழமை பேசாமல் இருந்து, பிறகு சமைத்துப் போட்டிருக்கிறாள். ஆனால் அவள் எடுத்த விசயம் வேறு.

“அக்கா, அவர் கண்ணாடியைப் பாக்கப் பயப்படுறார். சவரம் எடுக்க என்னைக் கூப்பிடுறார். வேலைக்குப் போகேக்கை என்ரை கையைப் பிடிச்சு, ‘என்ரை முகம் இருக்கோ, சொல்லும், இருக்கோ’ எண்டு கேக்கிறார். நான் ஓம் இருக்கு எண்டுறன். இருக்குத்தான் அக்கா. ஆனா அவர் கேக்கக் கேக்க...” என்று நிறுத்தினாள். பிறகு, “நானும் இப்ப என்ரை மூக்குக்கண்ணாடி இல்லாமல் அவரைப் பாக்கிறேல்லை” என்றாள்.

அவன்மேல் எனக்கு இருந்த கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. அந்தப் பிள்ளையின் குரல்தான் காதில் நிற்கிறது. நீ இன்னும் ஏதாவது செய்கிறாயா கௌரி? செய்கிறாய் என்றால் விட்டுவிடு. உன் அக்கா கேட்கிறேன்.

அன்புடன்,
மதி


கொக்குவில்
12.11.1989

அன்பின் மதியக்காவுக்கு,

நாங்கள் சுகம். உங்கள் இரண்டு கடிதமும் ஒன்றாக வந்தன. உங்களை ஏச என்னிடம் ஒரு வரியும் இல்லை. நீங்கள் மறைத்ததும் என்மேல் உள்ள பட்சம்தான்.

நான் ஒன்றும் செய்யவில்லை அக்கா. செய்ததை விட்டுவிட்டேன், அவ்வளவுதான்.

கலாவதியிடம் சொல்லுங்கள், முகம் தொலையவில்லை. ஐந்து வருடம் அதை நான் வைத்திருந்தேன். ஒவ்வொரு நாளும் எடுத்துப் பார்த்து, வயதுக்கேற்ப மாற்றி, காயம் வந்தபோது ஆறும்வரை கூட இருந்து பார்த்தேன். அவருக்கு அதைப் பார்க்கிற வேலை இருக்கவில்லை. இப்போது இறக்கி வைத்துவிட்டேன். இனி அவர்தான் வைத்திருக்கவேண்டும். பழகக் கொஞ்ச நாள் எடுக்கும். எனக்கும் எடுத்தது. முகம் பார்க்கும் கண்ணாடியை மூடவேண்டாம் என்று சொல்லுங்கள், அவர் பார்க்கட்டும். அவளும் தன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவரை நேரே பார்க்கட்டும். அவள் பார்த்தால்தான் அது நிற்கும்.

அவருடைய தாய்க்குக் கடிதம் வந்த அன்று இங்கே ஓடி வந்து என் காலடியில் இருந்து அழுதா. தேநீர் கொடுத்து அனுப்பினேன்.

தையில் எனக்குக் கல்யாணம். என் கேக்கை நானே செய்கிறேன். பூசணி அல்வாவும் முந்திரியும் போட்ட ரிச் கேக், இரண்டு தட்டு. உச்சியில் வைக்கிற மாப்பிள்ளைக்கு எவ்வளவு முயன்றும் முகம் வரவில்லை. போன ஞாயிறு மாஸ்டர் வந்தபோது அது மேசையில் நின்றது. ஒளிக்க நேரம் கிடைக்கவில்லை. அவர் அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எனக்கு வெட்கமாகிவிட்டது.

“அது கிடக்கட்டும்” என்றார். “முகத்தை நான் கொண்டுவாறன்.”

பொன்னுருக்குத் தை பத்தாம் தேதி. பொன்னை எங்கள் வீட்டுக்குக் காட்டக் கொண்டு வரலாம், ஊரடங்கு என்றாலும் அன்றைக்கே திரும்பக் கொண்டுபோய்விட வேண்டும் என்று கறாராகச் சொல்லிவிட்டேன். இன்னொருவருடைய பொன்னை நான் வைத்திருக்கமாட்டேன்.

அத்தானுக்கு என் அன்பு. குளிருக்குக் காதை மூடிக்கொள்ளுங்கள்.

உங்கள் அன்புத் தங்கை,
ஜெயகௌரி